திவானின் மார்பில் மகாராஜா

கொன்றையூர் சமஸ்தானத்தை ஆண்ட குமாரவிஜய ராஜாவுக்குத் தன் முகத்தின் மேல் கொஞ்சம் பிரியம் அதிகம். வாள் ஏந்தி நிற்கும் தன் படத்தை அச்சடித்து, கிராமத்துக்கு ஒன்று அனுப்ப ஆசைப்பட்டார். படத்தை மரக்கட்டையில் செதுக்கும் வேலை இசக்கி ஆசாரிக்கு வந்தது. ஆசாரிக்கு வேலையும் வாயும் ஒரே வேகம்.

செதுக்கி முடித்த கட்டையைப் பார்க்க ராஜா வந்தார். கூடவே திவான் வேங்கடாத்திரியும் வந்தார். தன் மைத்துனனை ஆசாரியின் இடத்தில் உட்கார வைக்க வெகுநாளாக வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஐயையோ! மகாராஜாவுக்கு இடது கையில் வாளா?" என்று திவான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காகிதத்துல வலது கைக்கு வந்துரும் சாமி. கட்டையில மாத்திச் செதுக்கினாத்தான் அச்சு நேரா விழும்," என்றார் ஆசாரி.

"ஆயுத பூஜையன்று இந்தக் கட்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஊரே பார்க்கக் கும்பிடுவோமே! அப்போது எந்தக் கை தெரியும்?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "கட்டையிலும் வலது கை, அச்சிலும் வலது கை. ஆயுத பூஜைக்குள் முடியாவிட்டால், உளியை மூட்டை கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆசாரி நேரே அரசவை விகடகவி மருதாசலத்திடம் ஓடினார்.

"கட்டை நேரா இருந்தா அச்சு மாறும், அச்சு நேரா இருந்தா கட்டை மாறும். ரெண்டும் எப்பிடிய்யா நேரா இருக்கும்? பிள்ளகுட்டியோட நான் எங்க போவேன்?" என்று புலம்பினார். பேச்சுக்கு அஞ்சாத மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"புதுக் கட்டையில் நேராகவே செதுக்கும். பூஜையன்று மையைத் தாராளமாகப் பூசும்," என்றார் மருதாசலம்.

"அப்புறம்?"

"அப்புறம் திவான் பார்த்துக்கொள்வார்."

ஆயுத பூஜை வந்தது. புதுக் கட்டை மாலையோடு நின்றது. வாள் வலது கையில். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். ஆசாரி மையைப் பூசி, காகிதத்தை வைத்துத் தேய்த்து உரித்தார். வாள் இடது கைக்குப் போயிருந்தது!

"நான் அப்போதே சொன்னேன்!" என்று துள்ளினார் திவான். தூய வெள்ளை அங்கியில் அன்று ஜம்மென்று இருந்தார்.

மருதாசலம் ஈரப் பிரதியைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். "திவான்ஜி, கோபம் பிறகு இருக்கட்டும். மகாராஜாவின் முதல் பிரதி இது. மார்போடு அணைத்து வாங்கிக்கொள்ள வேண்டாமா? கை மாறிப்போனால் மகாராஜாவே வேண்டாதவர் ஆகிவிடுவாரா?"

சபை முழுக்கத் திவானையே பார்த்தது. என்ன செய்வார்? காகிதத்தை வாங்கி, மையுள்ள பக்கத்தை மார்போடு சேர்த்து, பக்தி எல்லாருக்கும் தெரியட்டும் என்று இறுக்கி அணைத்தார்.

"போதும், எடுங்கள்," என்றார் மருதாசலம்.

எடுத்தார். வெள்ளை அங்கியில் கன்னங்கரேலென்று ராஜா நின்றார். வாள் வலது கையில்!

"மகாராஜா, கேட்டது கிடைத்துவிட்டது. கட்டையிலும் வலது கை, திவானிடமும் வலது கை. இனிக் கிராமத்துக்கு ஒரு தடவை, வெள்ளைக் காகிதத்தை மார்பில் கட்டிக்கொண்டு திவான் ஈரப் பிரதியை அணைத்தால் போதும். பாதிநாள் வேலைகூட இல்லை, மூச்சு மட்டும் கொஞ்சம் முட்டும்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று அலறினார் திவான். "கட்டை மாறியே இருக்கட்டும் மகாராஜா! அதுதான் முறை! ஆசாரி சொன்னதுதான் சரி!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய கட்டையிலேயே அச்சடிக்கச் சொல்லி, ஆசாரிக்குத் தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

திவான் மெல்ல நழுவப் பார்த்தார். "அங்கியை மாற்றிக்கொண்டு வருகிறேன்..."

"எங்கள் முகத்தைக் கழற்றிப் போடப் போகிறீரா?" என்றார் ராஜா. திவான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மருதாசலம், உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. அடுத்த ஆயுத பூஜைக்குத் திவான்ஜிக்கு ஒரு புது அங்கி தைத்துக் கொடுங்கள். துணி மட்டும் கறுப்பாக இருக்கட்டும்."