நாற்பது அடுப்புக்கு ஒரே நாக்கு

கேளுங்கள் ஐயா, கேளுங்கள் அம்மா! வழிப்போக்கருக்கெல்லாம் அரசர்கள் சோறு போட்ட காலம் அது. ஆற்றங்கரையில் ஓர் அன்னசத்திரம், அதில் நாற்பது அடுப்பு. அத்தனைக்கும் தலைவர் பெருஞ்சாத்தனார்.

அவர் நாக்கு பொல்லாத நாக்கு. ஒரு கல் உப்பு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்தப் பெருமையில் ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தார்: தாம் ருசி பார்க்காமல் எந்தப் பானையும் இறங்கக் கூடாது, வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது. பாவம், அடுப்புக்கு அடுப்பு ஓடி அவர் கால் வீங்கியதுதான் மிச்சம். அவர் வருவதற்குள் நாலு பானை அடிப்பிடித்துவிடும்.

தேர்த்திருவிழா வந்தது. யாத்திரிகர்களோடு பந்தியில் உட்கார அரசியே வருவதாகச் செய்தி. சாப்பாடு சொதப்பினால் சத்திரம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அந்தப் பதற்றத்தில் பெருஞ்சாத்தனார் கொதிக்கிற கஞ்சியை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டார். நாக்கு வெந்துபோனது. உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை.

முதலில் கொற்றன் சாம்பாரோடு வந்தான். "அண்ணே, சரியா இருக்கா?"

தலையை ஆட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மனசு கேட்கவில்லை.

"நாக்கு வெந்துபோச்சுடா. நீயே பார்த்துச் சொல்லு."

"நானா? இருபது வருஷமா நீங்கதானே சொல்றீங்க!"

"இருபது வருஷமா கிண்டுறது நீதானே? வாயில வை."

கொற்றன் பயந்து பயந்து நக்கிப் பார்த்தான். "என்னமோ குறையுது."

"என்னது?"

"உப்பு... ஒரு கை போட்டாச் சரியாயிரும்."

"அப்புறம் என்ன? போடு."

அடுத்து வேலாண்டி ஓடிவந்தான். "அண்ணே, புளிக்காய்ச்சல்ல பச்சை வாடை அடிக்குது!"

"வழக்கமா என்ன செய்வோம்?"

"எண்ணெய் பிரியற வரைக்கும் கொதிக்க விடுவோம்." சொன்ன வேகத்தில் திரும்பி ஓடினான்.

மூன்றாவது அடுப்பு நாச்சியுடையது. அவள் வரவே இல்லை. பெருஞ்சாத்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை, தாமே போனார்.

"பாயசம் கெட்டியாயிருச்சுண்ணே. பால் ஊத்திச் சரி பண்ணிட்டேன். நீங்க போய் உக்காருங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவருக்குச் சுருக்கென்றது, உண்மைதான். ஆனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் சமையல் வேளையில் உட்கார்ந்தார். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

உச்சிப்பொழுதுக்கு முன்பே நாற்பது பானையும் இறங்கின. ஒன்றுகூட அடிப்பிடிக்கவில்லை. அரசி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"உமது நாக்கே நாக்கு!" என்று பாராட்டினாள்.

கை கட்டி நின்றார் பெருஞ்சாத்தனார். "என் நாக்கு இன்னைக்கு வேலைக்கே வரலை, தாயே. எல்லாம் இவங்க சமைச்சு, இவங்களே பார்த்துக்கிட்டது."

அரசி சிரித்துவிட்டாள். சத்திரம் அவரிடமே இருந்தது.

நாலு நாளில் அவர் நாக்கு ஆறிவிட்டது. ஆனால் ஒரு மாதம்வரை அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, தம்மிடம் வேலை செய்வோருக்கு வழியைச் சொல்லிக்கொண்டே இராமல், அவர்களே வழி காண விடுபவரே நல்ல தலைவர்.