எலி இளைத்த கதை

நான் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று எனக்கே மறந்துவிட்டதால், முழுசாகவே நம்பிவிடுங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி. அங்கே திரிபுரசுந்தரி மேடம் இரண்டு வருஷம் பாடுபட்டு, கம்ப்யூட்டருக்குள் ஒரு எலி மூளையை உண்டாக்கியிருந்தார். உடம்பு கிடையாது, வால் கிடையாது. கணக்கிலேயே யோசிக்கிற எலி. அது யோசித்ததை எல்லாம் உலகத்துக்குப் பொதுவான கோப்பு வடிவத்துக்கு மாற்றி, வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றுக்கு அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் அனுப்பவேண்டும். தவறினால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

மாற்றுகிற மென்பொருள் லேப்டாப்பில் இருந்தது. எலி மூளை பக்கத்துப் பெரிய பெட்டியில். நடுவில் ஒரு ஒயர். சுற்றிலும் உதவியாளர்கள் மூன்று பேர்: அம்பலவாணன், மாசிலாமணி, சொரிமுத்து.

"லேப்டாப் கேக்குறதுக்கெல்லாம் பதில் போடுங்க. ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேடம் கூட்டத்துக்குப் போனார்.

நிஜ எலிகளை மனதில் வைத்துச் செய்த மென்பொருள் அது. முதல் கேள்வியே, எலியின் எடை என்ன?

"உடம்பே இல்லாத எலிக்கு எடை ஏதுலே?" என்றார் மூத்தவர் அம்பலவாணன்.

"மூளை எதுக்குள்ள இருக்கோ, அதுதானே அண்ணாச்சி உடம்பு?" என்றான் சொரிமுத்து.

பெட்டியைத் தூக்கிப்போய்க் கேண்டீன் தராசில் ஏற்றினார்கள். பதினாலு கிலோ.

மென்பொருள் சிவப்பு எழுத்தில் கடிந்துகொண்டது: எலி ஒரு கிலோவுக்கு மேல் இருக்க முடியாது.

"ரெண்டு வருஷமா உக்காந்த இடத்துலயே யோசிச்சா ஊதத்தானே செய்யும்?" என்றான் மாசிலாமணி.

"இளைக்க வச்சிருவோம்" என்றார் அம்பலவாணன்.

தராசுக்குப் பக்கத்திலேயே பெட்டியின் மூடியைக் கழற்றினார்கள். விசிறி போயிற்று. ஹார்ட் டிஸ்க் போயிற்று. கடைசியில் ஒரு பச்சைத் தகடுதான் மிச்சம். தொள்ளாயிரம் கிராம்.

"பாவம், எப்படி இருந்த எலி!" மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கேள்வி: எலி இப்போது உயிரோடு இருக்கிறதா?

அம்பலவாணன் விசிறி இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "மூச்சு வரலை."

"உடம்புல சூடும் இல்லை அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து.

மூவரும் எழுந்து நின்றார்கள். 'இல்லை' என்று பதிந்து, ஒயரைத் தகட்டில் மரியாதையாகச் செருகி, மூணு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார்கள்.

மேடம் திரும்பிவந்து தகட்டைப் பார்த்தார். "டிஸ்க்... டிஸ்க் எங்கே?"

"கேண்டீன்ல மேடம். கத்தரிக்காய்க்கு எடைக்கல்லா வச்சிருக்காங்க" என்றான் சொரிமுத்து.

அவர் தலையில் கை வைப்பதற்குள் காப்பகத்திலிருந்து பதில் வந்துவிட்டது: 'எல்லாக் கட்டங்களும் நிரம்பியுள்ளன. இறந்த எலியின் மூளையில் எந்த அசைவும் இல்லை என்பதை இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. ஏற்றுக்கொண்டோம். எலிக்கு எங்கள் அனுதாபங்கள்.'

ஆய்வுக்கூடம் தப்பித்தது. மேடம் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

மாசிலாமணி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"மேடம், நாளைக்குப் பால் தெளிக்கணும். எங்க மூணு பேருக்கும் லீவு வேணும்."