முன்சக்கரத்தில் முப்பது

மாசிலாமணி இருபத்தாறு வருஷம் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தாலே தராசுகள் ஒழுங்காகிவிடும். அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டப் படிக்க வந்தார். சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது.

இவருக்கு ஓட்ட வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி எட்டுத் தடவையும் ஏற்றியது, இறக்கியது எல்லாம் இவர்தான். ஜெசிந்தா பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு வந்ததோடு சரி.

ஆனால் தனியாகப் பறக்க வேண்டிய நாளை இவரே இரண்டு முறை தள்ளிப்போட்டார். ஒரு முறை காற்றின் மேல் பழி போட்டார், இன்னொரு முறை ஜலதோஷத்தின் மேல். இரண்டும் பொய். இன்றும் பறக்காவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். 

ஆறு மணிக்கே விமானக் கொட்டகைக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். முன்சக்கரத்தில் முப்பது பாயிண்ட் காற்று இருக்க வேண்டும் என்பது புத்தகத்தின் கணக்கு. காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்தார். சரியாக முப்பது.

மனசு கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். இருபத்தொன்பதரை.  அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே இருந்தார்.

எட்டு மணிக்கு ஜெசிந்தா வந்தார்.

"மேடம், முன்டயர்ல லீக். இன்னைக்கு வேண்டாம்."

"எவ்வளவு காட்டுது?"

"ஆறு மணிக்கு முப்பது. இப்ப இருபத்தாறு. எட்டு தடவை பாத்துட்டேன். பாக்கப் பாக்கக் குறையுது."

ஜெசிந்தா டயரைக் குனிந்து பார்க்கவில்லை.

"எதுக்கு சார் எட்டு தடவை?"

"சரியா இருக்கான்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சுதா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

ஜெசிந்தா பம்பை எடுத்து வந்து முப்பதுக்கு ஏற்றினார். டயரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. மூடியைத் திருகிவிட்டுக் கையை நீட்டினார்.

"கேஜைக் குடுங்க."

ஊரார் தராசையெல்லாம் பறிமுதல் செய்தவர் தன் கேஜைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்.

"ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க சார்."

அது லேசான வேலையா என்ன? இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் ஜெசிந்தா ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கேஜ் கைக்கு வந்தது.

"ஒரே ஒரு தடவை."

வைத்துப் பார்த்தார். முப்பது.

"அப்ப அந்த நாலு பாயிண்ட் எங்க போச்சு, மேடம்?"

ஜெசிந்தா அவர் இடது கையைப் பிடித்து இழுத்து டயரில் காற்றடிக்கும் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். கேஜை இன்னொரு முறை அழுத்தினார். 'புஸ்' என்று உள்ளங்கையில் காற்று பட்டது.

மாசிலாமணி கையை எடுக்கவில்லை. ஒரு கிலோ அரிசியை எத்தனை முறை தராசில் வைத்தாலும் அது ஒரு கிலோதான். இருபத்தாறு வருஷத்தில், அளந்ததால் குறைந்துபோன பொருள் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

போன காற்றை ஜெசிந்தா ஏற்றி மூடினார். விமானத்தை வெளியே தள்ளினார்கள். மாசிலாமணி ஏறி வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.  பழக்கம் லேசில் விடுமா?

"மேடம், இன்னும் ஒரே ஒரு தடவை கூட வந்து பாத்துடுங்களேன். நான் சரியா இருக்கேனான்னு."

ஜெசிந்தா வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினார்.

"நானும் எட்டு தடவை பாத்துட்டேன் சார். இனிமேலும் பாத்தா காத்து போயிடும்."