மழை மாதத்தில் ஒரு காலுறை

அருமைநாயகம் மலைமடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. குரு சுடரம்மைக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. அதனால் அவரைக் குரு "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

லாரி விபத்தில் அருமைநாயகத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக்கால் மாட்டித்தான் நடந்தார். மடத்தில் மற்றவர்களுக்கு மாற்றுத்துணி, ஒரு தட்டு, அவ்வளவுதான் உடைமை. இவருக்கு மட்டும் ஒரு பை நிறையச் சாமான். எஞ்சிய காலில் சாக்ஸ் மாதிரி இழுத்துவிடும் பருத்தி உறைகள், வாசனையில்லாத சோப்பு, செயற்கைக்காலின் உட்குழியைத் துடைக்கிற துணி. எல்லாவற்றையும் விட்டு வந்த இடத்தில் தினமும் சாக்ஸ் துவைத்துக்கொண்டு உட்கார அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் குரு ஒவ்வொருவரிடமும், "நேத்து தியானத்துல மனசு எங்க நின்னுச்சு?" என்று கேட்பார். இவரிடம் வந்ததும் கேள்வி மாறிவிடும்.

"சாக்ஸ் காஞ்சிட்டா, அண்ணாச்சி?"

"காஞ்சிட்டும்மா."

அத்தோடு சரி. குரு அடுத்தவரிடம் போய்விடுவார்.

ஐப்பசி மழை பிடித்தது. மேகம் கதவு வழியாக உள்ளே வந்து, விளக்கைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. கொடியில் போட்ட எதுவும் காயவில்லை.

அப்படி ஒரு நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது அருமைநாயகத்துக்குப் போன கால் திரும்பி வந்தது. ஐந்து விரலும் இருந்தன. ஆற்று மணலில் நடந்தார். மணல் குளிர்ச்சியாக விரலிடுக்கில் ஏறி இறங்கியது. பக்கத்தில் யாரோ சிரித்துக்கொண்டே வருவதுபோல இருந்தது. நடக்க நடக்க ஆறு அகன்றுகொண்டே போயிற்று. கண்ணைத் திறந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.

பிறகு அவருக்கு வேறு எதிலும் நாட்டமில்லை. ஈர உறையையே இழுத்துவிட்டு, செயற்கைக்காலை மாட்டிக்கொண்டு, தியான மண்டபத்துக்கு ஓடினார். சோப்பைத் தொடவில்லை. குரு கேட்டால், "காஞ்சிட்டும்மா" என்பார்.

ஒரு நாள் காலையில் மண்டபத்து வாசலில் காலை ஊன்றியதும் உயிர் போகிற வலி. அப்படியே சரிந்து விழுந்தார்.

குருதான் ஓடி வந்தார். செயற்கைக்காலைக் கழற்றினார். உறை தோலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, நனைத்து நனைத்து உரித்தார். உள்ளே தோல் வெளுத்து, புண் வாய் திறந்திருந்தது.

"வேண்டாம்மா. நீங்க போய் இதைத் தொடலாமா?"

குரு காதில் வாங்கவில்லை. "டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"புண்ணு உள்ள இறங்கினா முழங்காலும் போயிரும்னாரு."

"நாளைக்குக் கீழ போய் அவரைப் பாப்போம். அவர் சொல்ற வரைக்கும் இந்தக் காலை மாட்டக்கூடாது."

புண்ணைக் கழுவி, ஒற்றி எடுத்து, சுத்தமான துணியால் சுற்றினார். பிறகு அந்த உறையைச் சோப்புப் போட்டு அலசினார். சோப்பு போகிறவரை அலசி, முறுக்கிப் பிழிந்து, தன் வயிற்றோடு வைத்துப் புடவையால் இறுக்கிக்கொண்டார்.

"என்னம்மா இது!"

"வெயில் இல்லையே. உடம்புச் சூட்டுல காயட்டும்."

அருமைநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லார்கிட்டயும் தியானத்தைக் கேக்கீங்க. என்கிட்ட மட்டும் சாக்ஸைக் கேக்கீங்க. எனக்கும் கெடைச்சுதும்மா. நான் சொல்லல."

"இப்பச் சொல்லுங்க."

ஆற்றையும் மணலையும் சொன்னார். திரும்பி வந்த காலைச் சொன்னார். சொல்லும்போதே கண் செருகியது. சொல்லி முடித்ததும் குரு கேட்டார்.

"அந்தக் கால் வலிக்குமா?"

"வலிக்காதும்மா."

"தண்ணியில நடந்தா ஊறிப்போகுமா?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. எதுவுமே வேண்டாம் அதுக்கு. அதான் அங்கயே இருந்துரலாம்னு நெனச்சேன்."

வாசலில் மேகம் வந்து நின்றது. இருவருக்கும் இடையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. அது விலகியபோது, குருவின் கை துணி சுற்றிய காலின் மேல் இருந்தது.

"அதுக்கு யாருமே வேண்டாம், அண்ணாச்சி. இதுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"