ஆட்டுக்குப் போர்வை கொடுத்த வான்கோழி

அந்தக் காலத்தில் ஆடும் கோழியும் மனிதரோடு சரிக்குச் சரி பேசும். வான்கோழிக்கு அலகு வரைக்கும் இறகு இருக்கும். அதிலும் கழுத்து இறகு என்றால் பஞ்சுதான். அந்தக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அது நடக்கிற நடையைப் பார்த்தால் ஊரையே அதுதான் கட்டியது என்று தோன்றும்.

ஊர் என்றால், அமெரிக்காவில் ஒரு பெரிய ஆற்றங்கரையில் புவெப்லோ என்ற பழங்குடி மக்கள் கட்டிய மண்வீட்டு ஊர். அங்கே நெசவு ஆண்களின் வேலை. ஓயி என்ற நெசவாளன், இலையுதிர்காலத்தில் வான்கோழி உதிர்க்கும் இறகுகளைப் பொறுக்கி, நார்க்கயிற்றில் சுற்றிப் போர்வை செய்வான். பதிலுக்கு வான்கோழிக்கு வயிறு முட்ட மக்காச்சோளம் கிடைக்கும்.

ஒரு வருஷம் ஸ்பானியர்கள் வந்து அக்கரையில் குடியேறினார்கள். குளிரிலும் பசியிலும் வாடிய அவர்களுக்கு ஓயியின் ஊரார் சோளமும் பூசணியும் போர்வைகளும் கொடுத்தார்கள். பதிலுக்கு ஸ்பானியர்கள் கோதுமை விதையும் பீச் பழக் கொட்டையும் கொடுத்தார்கள். லியோனோர் என்ற ஸ்பானியப் பெண் ஒரு செம்மறி ஆட்டை ஓட்டிவந்து ஓயியிடம் விட்டாள்.

"பனிக்காலம் முடிஞ்சதும் வருவேன். இது பிழைச்சிருந்தா ஒரு மந்தையே தரேன்" என்று பாதி கைஜாடையில் சொன்னாள். அத்தோடு போயிருக்கலாம். வான்கோழியின் தொடையைப் பார்த்து, "இதைக் குழம்பு வைக்க மாட்டீங்களா?" என்றும் கேட்டுவிட்டாள்.

வான்கோழி கணக்குப் போட்டுப் பார்த்தது. ஆட்டு ரோமத்தில் நெய்யப் பழகிவிட்டால் இறகை யார் கேட்பார்கள்? அப்புறம் குழம்புதானே?

ஆடோ வெள்ளந்தி. அதற்கு ஸ்பானியம்தான் தெரியும், அது ஓயிக்குப் புரியாது. பிராணிகளுக்குள் பாஷைச் சிக்கல் இல்லாததால் வான்கோழிதான் நடுவில் நின்று சொல்லவேண்டும்.

இலையுதிர்காலம் வந்தது. இறகு எடுக்கிற பருவம்தானே ரோமத்துக்கும் என்று நினைத்து ஓயி கத்தியைத் தீட்டினான். ஆடு அலறியது.

"என்ன சொல்லுது?" என்றான் ஓயி.

"பனிக்காலம் போனப்புறம் வெட்டச் சொல்லு, இப்ப வெட்டினா செத்துடுவேன்" என்றுதான் ஆடு சொன்னது. வான்கோழி கொஞ்சம் யோசித்தது. பிறகு, "சீக்கிரம் வெட்டுங்க, அரிக்குதுன்னு சொல்லுது" என்றது.

அன்று சாயங்காலமே பனி கொட்டியது. ஆடு மொட்டை உடம்போடு சுவரோரம் ஒண்டி நடுங்கியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்கள். இந்த அழுகை அப்படிப்பட்டதில்லை, வான்கோழி நிஜமாகவே அழுதது. ஓயியிடம் ஓடியது.

"என் கழுத்து இறகைப் பிடுங்குங்க."

"உதிர்ந்ததைத்தான் எடுப்போம். பிடுங்கறது எங்க வழக்கமில்ல."

"ஆடு செத்துடும். நான்தான் பொய் சொன்னேன்."

வீட்டில் மிஞ்சிய ஒரே போர்வையும் பிள்ளைகள் மேல் கிடந்தது. ஓயி இறகைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெட்டிய ரோமத்தைத் திரித்து, அதில் கழுத்து இறகையும் தலை இறகையும் சுற்றி, அவசரமாக ஒரு போர்வை முடைந்து ஆட்டின் மேல் கட்டினான்.

நடுக்கம் நின்றதும் வான்கோழி ஆட்டிடமும் தன் பொய்யை ஒப்புக்கொண்டது. ஆடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. "சரி, பக்கத்துல வந்து படு. உனக்கும்தான் குளிரும்" என்றது.

பனிக்காலம் போய் லியோனோர் வந்தாள். போர்வை போர்த்திய ஆட்டைக் கண்டு, சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோமம் வெட்டும் பருவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். போர்வையைத் தொட்டுப் பார்த்ததும், "இந்த மாதிரி ரோமமும் இறகும் கலந்து எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள். மந்தையும் வந்தது, வான்கோழியின் சோளமும் நிற்கவில்லை.

"ஐயோ பாவம், இது கழுத்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஆட்டுக்காகக் கொடுத்துடுச்சு" என்றான் ஓயி. அதற்குமேல் சொல்லவில்லை.

"எவ்வளவு நல்ல மனசு! இதைப் போய்க் குழம்புன்னு சொன்னேனே."

ஆடு அசைபோட்டபடி ஓரக்கண்ணால் வான்கோழியைப் பார்த்தது. வான்கோழியின் மொட்டைக் கழுத்து குப்பென்று சிவந்தது.

அன்று முதல்தான் வான்கோழிக்குத் தலையிலும் கழுத்திலும் இறகு முளைப்பதில்லை. இன்றைக்கும் அதைப் புகழ்ந்து பாருங்கள், அந்தத் தோல் சிவந்துபோகும்.