மூடுபனி எழுத்துக்கு அடியில் படுத்த கதை

அந்தக் காலத்தில் படங்களுக்கும் இணைய உலாவிகளுக்கும் வாய் இருந்தது. ஓர் அகன்ற ஆற்றில் செண்பகவல்லி படகு விட்டுக்கொண்டிருந்தாள். படகு புறப்படும் நேரங்களைச் சொல்ல ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தாள். ஆற்றின் விடியல் அதில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, எழுத்துகளின் மேல் ஒரு மூடுபனிப் படத்தை மிதக்கவிட்டாள். அதனூடே நேரங்கள், நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள்போல் தெரிந்தன. தன் உலாவியில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள், கடைசிப் படகு போய்த் திரும்பிய பிறகு சுடலைமுத்து வந்து நின்றார். விடிந்தால் அக்கரையில் அவர் மகளுக்கு வளைகாப்பு.

"நேரத்தைத்தான் பக்கத்துல போட்டிருக்கேனே அண்ணாச்சி, கண்ணாடி போட்டுப் பார்க்கலையா?"

"கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். ஒரு சாம்பல் சுவர் ரொம்பத் தெளிவாத் தெரிஞ்சுது."

வளையல் பெட்டியோடு அவர் திரும்பி நடந்தார். செண்பகவல்லி வீட்டுக்கு வந்து மூடுபனியிடம் சொன்னாள்: "உன்னை அழிச்சிடப் போறேன்."

"நான் சுவர் இல்லைக்கா. எல்லா உலாவியிலயும் என்னைத் திறந்து பாரு. அப்புறம் அழி."

திறந்தாள். ஒன்றில் பனி மிதந்தது. இன்னொன்றில் சற்று மெலிந்து மிதந்தது. இருப்பதிலேயே பழைய உலாவியில் சுவர் நின்றது.

"என்னை ஏன் இப்படிப் பூசினீங்க, பெரியவரே?" என்று அந்தப் பழைய உலாவியிடம் கேட்டது மூடுபனி.

"புள்ளிக்குப் புள்ளி நிறம் பூசுறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. நீ பாதி இருக்கே, பாதி இல்லை. இல்லாத பாதிக்கு என்ன நிறம்? கைக்கு வந்த சாம்பலைப் பூசினேன்."

அவர் மாறப்போவதில்லை என்று மூடுபனிக்குப் புரிந்தது. சுடலைமுத்து வீட்டுக் கணினியில் இருப்பதும் அவர்தான்.

"எழுத்தை மேலே தூக்குக்கா. நான் அடியில போய்ப் படுத்துக்கிறேன்."

"உன் அழகு போயிடுமே."

"அண்ணாச்சி கரையில நிக்கமாட்டார்ல?"

அவள் மாற்றிவைத்தாள். அடுத்த நாள், முதல் படகுக்கே சுடலைமுத்து வந்துவிட்டார், அதே வளையல் பெட்டியோடு.

"சுவர் அப்படியேதான் இருக்கு. ஆனா அதுமேல நேரத்தை எழுதி வச்சுட்டீங்க. நல்ல யோசனை."

படகு பனிக்குள் நுழைந்து மறைந்தது.

அன்று முதல்தான் பக்கம் செய்கிறவர்கள் எழுத்தை மேலே வைத்துப் படத்தை அடியில் கிடத்துகிறார்கள். ஏதாவதொரு பழைய உலாவியில் எழுத்துக்குப் பின்னால் சாம்பல் திட்டு தெரிந்தால், அங்கே ஒரு மூடுபனி படுத்திருக்கிறது.