கேட்காத சத்தம்

நர்சிங் குரூப் படிக்கும் பிள்ளைகளுக்கு எது மறந்தாலும் ஓர் எண் மறக்காது. நூற்றி இருபது, எண்பது. ரத்த அழுத்தம் இப்படி இருந்தால் நல்லது என்று முதல் வாரமே பாடம் வந்துவிடும். அந்த எண்ணைச் சொல்லித் தப்பித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு.

பதினொன்றாம் வகுப்பு இசக்கியம்மாளும் அதைச் சொல்லித்தான் தப்பித்தாள்.

அன்று அரசு ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் பயிற்சி. பிரஷர் மாத்திரைக்கு வந்தவர்களுக்கு அளவு பார்த்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். உப்பள வேலைக்காரர் பேச்சிமுத்து அவள் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தார். பட்டையைக் கட்டினாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக் காற்றை ஏற்றி இறக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சுகளில் தோழிகள் டக் டக்கென்று அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் யாரோ, "சீக்கிரம் பாரும்மா" என்றார்கள்.

"நூத்தி இருபது, எண்பது தாத்தா. நல்லா இருக்கு."

பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ டாக்டரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார்.

இசக்கியம்மாள் அடுத்த ஆளுக்குப் பட்டையைக் கட்டவில்லை. பயிற்சிக்குக் கூட்டி வந்திருந்த ஜெபக்கனி டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், சத்தம் கேக்கலைன்னா என்ன செய்யணும்?"

"யாருக்குப் பாத்தே?"

"யாருக்கும் இல்ல. பொதுவாக் கேட்டேன்."

"பொதுவா யாருக்கும் பிரஷர் பாக்க முடியாதுட்டி. ஆளைச் சொல்லு."

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டார்.

"என்னைய இந்தக் குரூப்ல இருந்து அனுப்பிருவீங்களா டீச்சர்?"

"செருப்பைப் போட்டுட்டு வா. வெயிலு சுடும்."

பேச்சிமுத்து எதிர்த்த டீக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். கையில் வடை. அவரைக் கண்டதும்தான் இசக்கியம்மாளுக்கு மூச்சு வந்தது.

"அண்ணாச்சி, இன்னொரு தடவை பாத்துக்கிடுதோம். கையைக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

அவர் வடையை மற்றக் கைக்கு மாற்றினார். டீச்சர் பட்டையைக் கட்டி, காற்றை ஏற்றி, மெல்ல இறக்கினார். காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"எனக்குச் சரியா கேக்கலை அண்ணாச்சி. திரும்பப் பாக்கட்டுமா?"

இசக்கியம்மாள் திகைத்துப் போனாள். கடைசி பெஞ்சில் மிட்டாய்த் தாள் பிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்புகிறவர் இந்த டீச்சர்.

"கேக்கலைன்னா திரும்பத்தானே பாக்கணும்" என்றார் பேச்சிமுத்து. "பஸ்ஸு என்ன வந்துட்டா? பாருங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் கையை ஆறவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை இசக்கியம்மாளிடம் நீட்டினார்.

"நீ பாரு."

அவள் பார்த்தாள். இப்போதும் கேட்கவில்லை. அந்த எண் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கேக்கலை தாத்தா. ஆஸ்பத்திரியிலயும் கேக்கலை. கேக்காமலே சொல்லிட்டேன்."

பேச்சிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நானும் நெனச்சேன். தலை கிறுகிறுன்னு வருது, இந்தப் பிள்ளை நல்லா இருக்குங்குதேன்னு." கையைத் திரும்பவும் நீட்டினார். "சரி, அதான் ஓடி வந்துட்டியே. பாரு."

டீச்சர் அவள் விரலைப் பிடித்து, ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் கொஞ்சம் உள்பக்கமாக நகர்த்தி வைத்தார். அவள் காற்றை ஏற்றினாள். இறக்கினாள்.

டொக். டொக். டொக்.

"கேக்குது டீச்சர்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்தம் நிற்கும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூத்தி எழுபது, நூறு."

"அப்போ மாத்திரை உண்டுங்குதே" என்று முனகிக்கொண்டே பேச்சிமுத்து எழுந்தார். மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். அவர் வாசலுக்குள் நுழைகிற வரைக்கும் இசக்கியம்மாள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

டீச்சர் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இத்தனை வருசம் பாத்த உங்களுக்கே மொத தடவை கேக்கலையே?"

"கேட்டுச்சு" என்றார் டீச்சர். "நூத்தி எழுபது, நூறு."